எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை

1

இங்கே லெஸ்டரில், எங்கள் தெருக்கோடி மருத்துவ மையத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வயதானவர்களுக்கு ஞாபகப் பரிசோதனை செய்கிறார்களாம், வந்து போக வேண்டுமாம். நான் போவதாக இல்லை. மகள் கவிதாதான் நேரம் குறித்து, முதல் நாளே ஞாபகப்படுத்தி, அன்று காலையிலும் ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவனை இத்தனை முறை ஞாபகப்படுத்தினால் பரிசோதனையில் என்னதான் மிச்சம் இருக்கும்?

வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு குஜராத்தியில் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். எனக்கு குஜராத்தி தெரியாது என்றேன். அதை வாங்கி வைத்துவிட்டுப் பஞ்சாபியில் ஒன்றைத் தந்தாள். தமிழ் என்று ஒரு மொழி இருப்பதை இந்த ஊருக்குச் சொல்லிச் சொல்லியே என் ஆயுளில் பாதி போய்விட்டது. கடைசியில் ஆங்கிலத்தில் இருந்ததையே வாங்கிக்கொண்டேன்.

உள்ளே ஒரு சின்னப் பெண், தாதி. கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்ல முடியுமோ சொல்லுங்கள் என்றாள். ஆடு, மாடு, யானை, புலி ஆனதும் காட்டெருமை கண்முன்னே வந்து நின்றது. அதற்கு இங்கிலீஷில் என்ன? கடமான் வந்தது, அதற்கும் வார்த்தை இல்லை. செந்நாய், கீரி, முள்ளம்பன்றி என்று போடிமெட்டுக் காடு மொத்தமும் வரிசை கட்டி நிற்கிறது, நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவள் பரிதாபமாக எதையோ குறித்துக்கொண்டாள். மறதி வேறு, மொழி தெரியாமை வேறு என்று யாராவது இவர்களுக்குச் சொன்னால் தேவலை.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மறதி நோய் இருந்ததா? நான் பதில் சொல்வதற்குள், பக்கத்து நாற்காலியில் அதுவரை கைப்பையை அணைத்தபடி பேசாமல் இருந்த என் மனைவி தனம் முந்திக்கொண்டாள். நோ, நோ, எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை என்று நல்ல இங்கிலீஷில் அடித்துச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சரளமாக இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பையனுக்கு ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இதையெல்லாம் எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். லெஸ்டரில் ஒரு தாதி கம்ப்யூட்டரில் ஏற்றியதைச் சின்னமனூரில் இருக்கும் பெண் வீட்டார் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்டேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். எனக்குத் தெரியாததா? இந்தப் பதிலை நான் முதலில் கேட்டதே போடிநாயக்கனூரில், எங்கள் வீட்டில்.

2

துண்டுப்பிரசுரத்தில், மறதி நோய் வர என்னென்ன காரணமாகலாம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம், புகை, தலையில் பட்ட அடி, தனிமை. படிக்கப் படிக்க, என் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று தோன்றியது.

அப்பாவுக்குக் கீழே வயலும், போடிமெட்டுக்குப் போகும் சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருந்தன. எழுபதுகளில் வாரத்தில் பாதி நாள் மலையில்தான் இருப்பார். ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். தலை சுற்றினால்தான் மாத்திரை என்பது அப்பாவின் சட்டம். சுற்றாத நாளில் விழுங்கினால் அது வீணாம். சோற்றில் உப்புப் போதாமல் எலுமிச்சை ஊறுகாயைத் தனியாக வைத்துக்கொள்வார். சுருட்டு எப்போதும் கையில் இருக்கும். காது கேட்காதது அவருக்குக் குறையாகவே படவில்லை, மற்றவர்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பார். ஒருமுறை ஆள் ஏற்றிப் போன ஜீப்பு வளைவில் சாய்ந்து, அப்பாவின் தலை பாறையில் மோதியது. மூன்று தையல் போட்டார்கள். மறுநாளே மலையேறினார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, அவர் மேல் மட்டுமல்ல, எல்லார் மேலும்.

அப்பாவுக்கு இன்னொரு சோலியும் உண்டு. கண்மாய்த் தண்ணீர் யாருக்கு எந்த முறை, மலையில் எல்லைக்கல் யார் பக்கம் நகர்ந்தது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கிணறு யாருக்கு என்று வழக்கு வந்தால் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் வருவார்கள். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். காகிதம், கையெழுத்து ஒன்றும் கிடையாது. பெரியய்யா சொல்லிவிட்டார் என்றால் அதோடு வழக்கு முடிந்தது.

அவருக்கு மறதி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அம்மா. வாசலில் ஆள் வந்தால் அம்மா முந்திக்கொண்டு, வாங்க வீரபாண்டி அண்ணே, மக கல்யாணம் நல்லா முடிஞ்சதா என்று சத்தமாகக் கேட்பாள். வந்தது யார், எதற்கு வந்திருக்கிறார் என்று அதிலேயே அப்பாவுக்குச் சேதி போய்விடும். காது மந்தம் என்பதால் கத்துகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அம்மா ஓர் ஆவணியில் இறந்தாள், அந்தக் கார்த்திகைக்குள் எல்லாம் வெளுத்துவிட்டது.

3

அப்போது நான் இங்கே காலுறைத் தொழிற்சாலையில் இருந்தேன். ஊரில் எங்களுக்குத் தெரிந்த போன் ஓர் ஏலக்காய் வியாபாரி வீட்டில்தான் இருந்தது. டிரங்க் கால் பதிந்து, அரை நாள் காத்திருந்து, வியாபாரி வீட்டு ஆள் ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்து, இணைப்புக் கிடைத்தால் அண்ணன் கத்துவார்: எல்லாரும் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம். மறதியாமே என்று கேட்டால், வயசானா அப்படித்தானே என்பார். அதற்குள் கரகரவென்று ஒரு சத்தம் வந்து லைன் போய்விடும். அதைச் சொல்லத்தான் அவ்வளவு காசு.

தொழிற்சாலையில் விடுப்புக் கேட்டேன். மேலாளர் நல்ல மனிதர், விதியை எடுத்துவைத்துப் படித்துக் காட்டினார். பெற்றோர் இறந்தால் விடுப்பு உண்டு. மறந்தால் கிடையாது. அம்மா இறந்தபோது உடனே விடுப்புத் தந்தார்கள், ஆனால் தந்தியே காரியம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. கடைசியில் என் கணக்கில் சேர்ந்திருந்த விடுப்பை எல்லாம் சுரண்டி எடுத்துக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரையில் போடிக்குப் போய் இறங்கினேன்.

இதைக் கவிதாவிடம் சொன்னால், ஏன் அப்பா, அங்கே டாக்டர் இல்லையா என்று கேட்கிறாள். இருந்தார்கள் என்றேன். பிறகு என்ன என்கிறாள். பிறகு என்ன என்பதை இங்கே பிறந்த பிள்ளைக்கு எந்த மொழியில் விளக்குவது? அவளுக்கு நோய் என்றால் நோய், மருந்து என்றால் மருந்து. நடுவில் ஓர் ஊரே நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

4

அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். எப்பப்பா மதுரையிலருந்து வந்த, காலேஜு லீவா என்று கேட்டார். எனக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் என் தோளை அழுத்தினார், பேசாதே என்று அர்த்தம். ஆமாப்பா லீவுதான் என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

வீட்டில் மட்டுமல்ல, ஊரே இப்படித்தான் இருந்தது. அப்பா காலையில் கிளம்பி ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போவார். டிரைவர்கள் ஏற்றிக்கொண்டு போவார்கள், மேலே ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த ஜீப்பில் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவார்கள். பெரியய்யா தோட்டத்தைப் பாத்துட்டு வந்தாக என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். தோட்டத்துக்கு அவர் போய் மாதக்கணக்காகியிருந்தது. அவ்வளவு மரியாதை, அவ்வளவு அன்பு. அதை நினைத்தாலே எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். மலையாளப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து ஜீப்பு ஓட்டிய ஒரு பையன் மட்டும், பெரியய்யாவுக்கு ஓர்மை கொறஞ்சு போச்சுண்ணே என்று, ஞாபகத்துக்கு அவர்கள் வார்த்தையைப் போட்டு என்னிடம் சொன்னான். தமிழில் ஒருவரும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஒரு பெரிய சிக்கல் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மகள் வசந்தாவைக் கம்பத்தில் ஒரு வாத்தியாருக்குப் பேசி, தை மாதத்தில் தாம்பூலம் மாற்றியிருந்தார்கள். எங்கள் பக்கம் வீட்டுப் பெரியவர் தன் கையால் வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிவிட்டால் அது பாதிக் கல்யாணம். அம்மா இறந்து வருஷம் திரும்பாததால் ஊரைக் கூட்டாமல், நாலு பேரோடு முடித்திருந்தார்கள். தட்டை மாற்றியது அப்பாதான்.

பங்குனியில் ஒருநாள், எல்லாரும் அறுவடைக்குப் போயிருந்த நேரத்தில், அப்பாவின் பழைய சேக்காளி ராமையா மாமா மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். அவருக்கு வீடே எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டில், கீழே நடப்பது எதுவும் அவர் காதுக்குப் போகாது. கூட இரண்டு உறவுக்காரர்கள். வசந்தாவைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டில் தட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து தாம்பூலம் மாற்றி அனுப்பிவிட்டார். சாயங்காலம் மதினி வந்து, இந்த வெற்றிலை ஏது என்று கேட்டால், எந்த வெத்தல என்கிறார்.

ஒரு பெண்ணுக்கு இரண்டு தாம்பூலம். இரண்டும் மதிப்பான வீடு, இரண்டும் வீட்டுப் பெரியவர் கையால் மாற்றியவை. ராமையா மாமாவிடம் போய் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மறதி நோய், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம், அப்படியே மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றேன். இதைவிட எளிதான வழி என்ன இருக்கிறது?

அண்ணன் என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீ பாட்டுக்குச் சொல்லிட்டு பிளேன் ஏறிருவ. அந்த வீட்டுல பைத்தியம் இருக்குன்னு கம்பத்துக்காரகளும் போயிருவாக. அது மட்டுமாடா? ஐயா புத்தி எப்பக் கெட்டுச்சுன்னு கேப்பாக. அஞ்சு வருசமா அவரு சொன்ன தீர்ப்பெல்லாம் என்ன ஆகும்? தண்ணிமுறை தோத்தவன், கெணறு தோத்தவன் எல்லாம் நாளைக்கே கம்பு தூக்கிட்டு வருவான்."

அப்பாவுக்கு நோய் இருக்கக்கூடாது என்பதில் எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, கண்மாய்ப் பாசனம் மொத்தத்துக்குமே அக்கறை இருந்தது. அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தே ஆக வேண்டும். இப்படி ஒரு மனிதரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது? நான்கு நாட்கள் இதையே சொல்லிச் சண்டை போட்டோம். எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை என்று அண்ணன் முடித்தார்.

வசந்தா ஒருநாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அழுதிருந்தாள். "சித்தப்பா, தாத்தாவ யாரும் பைத்தியம்னு சொல்லிறக் கூடாது. ஆனா நான் கம்பத்துக்குத்தான் போவேன்" என்றாள். இரண்டும் எப்படி நடக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

5

இதெல்லாம் அந்தக் காலம், படிக்காத ஊர் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் கூடும் பொங்கல் விழாவுக்கு லெஸ்டருக்கு வர வேண்டும். இன்ஜினியர்களும் கணக்காளர்களும் நிறைந்த கூட்டம். ஒருவருடைய அம்மா சமையலறையில் அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விட்டார், போலீஸ் கூட்டிவந்தது. கேட்டால், குளிரில் கொஞ்சம் தடுமாறிவிட்டார் என்கிறார்கள். இன்னொருவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கேட்டால் முழங்கால் வலி. எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே இந்த நோய் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டு போகிறது, ஆனால் எல்லாருக்கும் முழங்கால்தான் வலிக்கிறது. பார்த்துக்கொள்கிற மருமகள் வேலையை விட்டுவிட்டு இரவும் பகலும் வாசல் கதவைக் காவல் காக்கிறாள், அதற்கும் பெயர் கிடையாது. பெயரில்லாத நோய்க்கு யாரிடம் போய் உதவி கேட்பது?

தனத்திடம் இதைச் சொல்லி மறுபடியும் சண்டை வந்தது. ஊரைத் திருத்துவது இருக்கட்டும், பையன் கல்யாணம் முடியட்டும் என்றாள். பையனுக்கு முப்பத்தைந்து வயதாகிறது. அவன் பெண் பார்க்கச் சொன்னானா என்று கேட்டேன்.

6

போடியில் அந்தச் சித்திரை முடிவதற்குள் ராமையா மாமாவுக்குக் கம்பத்துச் சேதி எட்டிவிட்டது. ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: சண்டைக்கு வரவில்லை, மச்சான் வாயால் எந்தத் தாம்பூலம் என்று சொல்லட்டும், எதுவானாலும் கட்டுப்படுகிறேன். அண்ணனுக்குக் கைகால் ஓடவில்லை. ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் மாமா பெண் கேட்கவே வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா அந்த இரண்டு உறவுக்காரர்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அப்பா நாற்காலியில். அண்ணனும் நானும் கீழே பாயில். மதினி அடுக்களை வாசலில், அவள் முதுகுக்குப் பின்னால் வசந்தா.

வீட்டுப் பெரியவரை அவர் வீட்டிலேயே வைத்து, நீ இப்படிச் செய்தாய் என்று நேரடியாகக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் வழக்கைச் சொல்வார்கள், சம்பந்தப்பட்டவர் புரிந்துகொண்டு பதில் சொல்வார். மாமா அந்த மரியாதையை விடவில்லை. அப்பாவின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"மச்சான், ஒரு வழக்கு. ஒரு வீட்டுல பொண்ணுக்கு ஒரு எடத்துல தாம்பூலம் மாத்தியாச்சு. பெறகு அந்த வீட்டுப் பெரியவரே, அதே பொண்ணுக்கு இன்னொரு எடத்துலயும் தன் கையால மாத்திட்டாரு. இப்ப எது செல்லும்?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கு என்ற வார்த்தை அவரை எங்கிருந்தோ கூட்டிவந்துவிட்டது. எங்கள் சின்ன வயதில் கேட்ட அதே குரலில் விசாரிக்கத் தொடங்கினார். முதல் தாம்பூலம் எது, எப்போது என்று கேட்டார். இரண்டாவதாகக் கேட்டவர்களுக்கு முதல் சேதி தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் மாமா. பெண்ணுக்கு எந்த இடம் சம்மதம் என்று கேட்டார். மொத எடந்தான் மாமா என்று மதினி வாசலிலிருந்தே அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"அப்ப மொதத் தாம்பூலந்தான் செல்லும்" என்றார் அப்பா. "ரெண்டாவது வந்தவுக மேல தப்பில்ல. அந்த வீட்டுக்காரக அவுககிட்ட மாப்புக் கேக்கணும்."

அண்ணன் எழுந்து போய் ராமையா மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாமா அவரை உட்காரச் சொன்னார். எனக்குச் சம்மதம் மச்சான், வழக்கு முடிஞ்சது என்று அப்பாவிடம் சொன்னார். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெளியே போய் ஒரு வார்த்தை பேச மாட்டார் என்றும் தெரிந்தது. மதினியின் பின்னால் வசந்தா விசும்புவது கேட்டது.

அத்தோடு எழுந்திருப்போம் என்று நினைத்தேன். அப்பா விடவில்லை.

"அந்தப் பெரியவரு யாரு?" என்று கேட்டார்.

தெரிஞ்ச ஆளுதான் மச்சான் என்று மாமா மெதுவாகச் சொன்னார். அப்பாவுக்குக் கேட்கவில்லை, மறுபடி உரக்கச் சொன்னார்.

"வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு" என்றார் அப்பா. "தன் கையால மாத்துன தாம்பூலமே மறந்துபோச்சுன்னா அது சீக்குய்யா. ஏன், அவருக்குப் பிள்ளைக இல்லையா?"

"ரெண்டு பேரு இருக்காக" என்றார் மாமா.

"இருந்துமா ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?"

நாங்கள் இரண்டு பேரும் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா குனிந்து அண்ணனின் தோளைத் தொட்டார்.

"நீ போயி அந்தப் பயலுககிட்டச் சொல்லு. நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நாலு பேரு பாப்பாகளேன்னு அவனுகளுக்கு வெக்கமா இருந்தா, நான் கூட வர்றேன்னு சொல்லு."

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிப்பா" என்றார். "நீங்களும் வாங்க."